அரைமணி

"வாயைக் கொஞ்சம் திறங்கப்பா. ஈரத்துணிதான், பயப்படாதீங்க," என்று சொல்லிக்கொண்டே மகள் விரலில் சுற்றியிருந்த துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தாள். அப்பாவின் உதடு காய்ந்து தோல் உரிந்திருந்தது. துணி பட்டதும் லேசாகத் திறந்தது. ஈறு, மேலண்ணம், நாக்கின் ஓரம் என்று அவசரமில்லாமல் துடைத்தாள். அவசரமில்லாத மாதிரி துடைப்பது அவளுக்குப் பழக்கம். உள்ளுக்குள் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

மணி ஆறு ஐம்பது. ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்திருந்த போனை அதற்குள் முப்பது தடவையாவது பார்த்திருப்பாள். ஏழரைக்கு மூன்றாம் மாடி வாத்தியார் வீட்டில் இருந்தாக வேண்டும். நீல யூனிபார்ம், காலில் ஷூ, ஷூவின் மேல் பிளாஸ்டிக் உறை எல்லாம் மாட்டித் தயாராகத்தான் வந்திருந்தாள். நேற்று மாலை வந்த நர்ஸ் அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னிக்கோ நாளைக்கோ. உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவளுக்குத் தெரியாததில்லை. பதினேழு வருஷத்தில் எத்தனை கால்கள் சில்லிட்டுப் போனதைத் தொட்டிருக்கிறாள்.

படுக்கையை விட்டு எழ முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நகராட்சி. நகராட்சி அதை ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் கொடுத்திருந்தது. கம்பெனி இவளைப் போன்றவர்களை வீடு வீடாக அனுப்பியது. வீட்டுக்கு அரைமணி. வாசல் கதவுக்கு உள்ளே இருக்கும் அந்த அரைமணிக்கு மட்டும்தான் கூலி. ஒரு கதவிலிருந்து இன்னொரு கதவுக்கு நடப்பதும், பஸ்ஸுக்கு நிற்பதும், மழையில் ஒதுங்குவதும் அவள் பாடு. ஒன்பது வீட்டுக்குப் போய்வர காலையில் கிளம்பினால் திரும்பப் பத்து மணி நேரம் ஆகும். கூலி நாலரை மணி நேரத்துக்கு.

அப்பா வீட்டுக்கும் அப்படித்தான் வந்துபோனாள். அந்த ஒன்பதில் தையல்கார அம்மா வீட்டுக்கும் இரண்டாம் தெரு இரட்டையர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு இடுக்கு கிடைக்கும். அதில் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓடிவந்து, அப்பாவுக்கு மருந்து எடுத்து வைத்து, அவர் போட்டுத் தரும் டீயைப் பாதி குடித்துவிட்டு ஓடுவாள். அப்பா அவளுக்கு வைத்த பேரே அரைமணி. "வாம்மா அரைமணி" என்பார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "என் அரைமணி வந்துட்டுப் போயிட்டா" என்பார். உள்ளே நுழைந்ததும் வேலைக் குரலில், "எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிடுவாள். "யாரைடி நீங்கங்கற?" என்று அப்பா சிரிப்பார்.

டீ விஷயத்தில் இரண்டு பேருக்கும் தீராத சண்டை. அப்பா கோப்பையில் சர்க்கரையைப் போட்டு, மேலே டீயை ஊற்றி, கலக்காமல் நீட்டுவார். அவள் இரண்டு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரைக்குப் பஞ்சமாப்பா?" என்பாள். "அடியில இருக்கு. உக்காந்து முழுசா குடிக்கிறவங்களுக்கு." "ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினா குறைஞ்சா போயிடுவ?" "கலக்க மாட்டேன் போ." அதற்குள் அரைமணி ஆகிவிடும்.

லீவு கேட்டு நேற்று ராத்திரி சூப்பர்வைசருக்கு அனுப்பிய மெசேஜ் அப்படியே கிடந்தது. படித்துவிட்டாள் என்று மட்டும் காட்டியது. பதில் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மாவுக்கு இதே மாதிரி ஒரு காலை. அப்போது சூப்பர்வைசர் வேறு ஆள். போனில் கெஞ்சினாள். "மாத்து ஆள் நீயே புடிச்சுக் குடு. இல்லன்னா ரவுண்டை வேற ஒருத்திக்குக் குடுத்துடுவேன்" என்றான். ரவுண்டு போனால் போனதுதான், ஒன்பது வீட்டைத் திரும்பச் சேர்க்க ஒரு வருஷம் ஆகும். இவள் பையன் அப்போது படித்துக்கொண்டிருந்தான். வேலைக்குப் போனாள். வாத்தியாரின் முதுகுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது ஏழு நாற்பதுக்கு அம்மா போனாள். ஈரக் கையோடு ஓடிவந்தபோது டாக்டர் காகிதம் எழுதி முடித்திருந்தார். கூட இருந்தவர் என்ற இடத்தில் மகன் என்று எழுதியிருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. அண்ணன்தான் கூட இருந்தான். ஆனாலும் அந்தக் காகிதத்தை அவள் எத்தனை முறை எடுத்துப் படித்தாள் என்று யாருக்கும் தெரியாது.

"நீ கொஞ்சம் உக்காரேன்," என்றான் அண்ணன், அறை வாசலில் நின்றபடி. அவனுக்கு நகராட்சியில் கணக்குப் பிரிவில் நிரந்தர வேலை. காலையில் ஒரு போன் போட்டான், லீவு சொன்னான், முடிந்தது. அது எப்படி என்று அவனைக் கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. மூச்சு விடுவது எப்படி என்று கேட்ட மாதிரி இருக்கும்.

"ஏழே காலுக்குக் கிளம்பணும்."

"ஒப்பந்தம் இன்னியிலேர்ந்து மாறுது. ஷிப்டு சம்பளம், பயண நேரம், குடும்பத்துல சாவுன்னா லீவு, எல்லாத்துக்கும் பணம் ஒதுக்கியாச்சு. போன மாசமே கையெழுத்தாச்சு. நானே ஃபைலைப் பாத்தேன்."

"உங்க ஆபீஸ்ல கையெழுத்து ஆனா எங்க கம்பெனியில கைக்கு வந்துடுமா?"

அந்த ஃபைலுக்காக இவளும் கூட வேலை செய்பவர்களும் இரண்டு வருஷம் நகராட்சி வாசலில் நின்று போராடியிருந்தார்கள். லஞ்சுக்கு வெளியே வரும்போதெல்லாம் அவன் தங்கையின் கண்ணில் படாமல் பின்கதவு வழியாகப் போனவன். அது அவளுக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த அறையில்தான் அப்பா அவனைப் பிடித்துக்கொண்டார். அப்பா குடிநீர் வாரியத்தில் குழாய் ஃபிட்டராக முப்பத்து நாலு வருஷம் இருந்தவர். "டேய், உடைஞ்ச குழாயைத் தேடி நடந்த நேரத்துக்கெல்லாம் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. படுத்திருக்கிற மனுஷனைத் தேடி நடந்தா குடுக்க மாட்டீங்களோ? குழாயைவிட மனுஷன் கேவலமாடா?" என்று கேட்டார். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "அந்த நேரத்துக்கு அட்டவணையில கட்டமே இல்லப்பா" என்றான். "கட்டம் போடுங்கடா முதல்ல" என்றார் அப்பா.

ஏழு ஐந்துக்குப் போன் அடித்தது. சூப்பர்வைசர். கையில் இருந்த துணியைக் கீழே வைக்கக்கூட மறந்து எடுத்தாள்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"இருக்காரு மேடம். நான் கிளம்பிட்டேதான் இருக்கேன். வாத்தியார் வீட்டுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் தாமதம் ஆகலாம்."

"எங்கயும் கிளம்பாத. நெட்டை உங்க அப்பா வீட்டுக்கு வந்துட்டிருக்கா. சாவிக்கொத்தைக் குடுத்துடு. இன்னிக்கு, நாளைக்கு, நாளன்னிக்கு லீவு. தேவைன்னா இன்னும் ரெண்டு நாள் கேளு."

"சம்பளம் இல்லாமயா?"

"சம்பளத்தோடதான்."

"ரவுண்டு?"

"உன்னோடதுதான். வேற யாருக்கு வேணும் அந்த வாத்தியாரு?"

"எழுத்துல குடுப்பீங்களா, மேடம்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சூப்பர்வைசருக்குக் கோபம் வரவில்லை. அவளும் பதினோரு வருஷம் ரவுண்டு போனவள். "அனுப்பிட்டேன். ராத்திரியே அனுப்பியிருப்பேன், மேல ஒருத்தரு கையெழுத்துப் போட மறந்துட்டுத் தூங்கப் போயிட்டாரு. காலையில அவரை எழுப்பித்தான் வாங்கினேன். மெசேஜைப் பாரு."

பார்த்தாள். மூன்று முறை படித்தாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்படியே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

இவளைப் போலவே வீடு வீடாகப் போகும் நெட்டை ஏழே காலுக்கு வந்தாள். கதவைத் தட்டி, "உள்ள வரலாமா?" என்று உரக்கக் குரல் கொடுத்து, நேராகப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு, வேலை வீடுகளில் கையெழுத்துப் போடும் வருகைத்தாள் சுவரில் எங்கே மாட்டியிருக்கிறது என்று தேடினாள். அப்புறம்தான் எங்கே வந்திருக்கிறோம் என்று உறைத்து, கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"நான் இன்னியிலேர்ந்து மாத்து ஆளு தெரியுமா?" என்றாள். "கூப்பிடற வரைக்கும் ஆபீஸ்ல சும்மா உக்காந்திருக்கணும். அதுக்கும் சம்பளம். வாழ்க்கையில முதல் தடவையா சும்மா உக்காரலாம்னு செருப்பைக் கழட்டினேன், அதுக்குள்ள கூப்பிட்டுட்டாங்க. கெடுத்துட்ட போ."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினாள். ஒன்பது சாவி, ஒன்பது நிற நூல். "பச்சை, வாத்தியாரு. தண்ணி சூடே இல்லைம்பாரு, நம்பாத, முழங்கையை வெச்சுப் பாத்துக்கோ. மஞ்சள், தையல்கார அம்மா. இடது காது கேக்காது, வலது பக்கமா நின்னு பேசு. அவங்களுக்கு மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம் கூட இரு."

"இருக்கலாமே. இப்பதான் ஷிப்டாச்சே." நெட்டை கட்டிலருகே போய், அப்பாவின் போர்வையைக் கால் பக்கம் சரிசெய்துவிட்டு, "வரேம்ப்பா" என்று சொல்லிக் கிளம்பினாள். தெருவில் அவள் சத்தமாக மூக்கைச் சிந்துவது கேட்டது.

அப்பா கண்ணைத் திறந்தார். இரண்டு நாளாக இப்படித்தான், எப்போதாவது மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"அரைமணி."

"இருக்கேன்பா."

"கிளம்பல?"

"கிளம்பல."

அப்பா அதை வாங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?"

"இல்லப்பா. லீவு. சம்பளத்தோட."

"பொய்."

அண்ணன் முன்னால் வந்து போனை வாங்கி, ஆபீஸ் குரலில் படித்தான். "புதிய ஒப்பந்தத்தின் பிரிவு ஏழின்படி, நெருங்கிய குடும்ப உறுப்பினரின் இறுதி நோயின்போது மூன்று வேலை நாட்கள் முழு ஊதியத்துடன்..." படிக்கும்போதே இறுதி நோய் என்ற வார்த்தையில் அவன் குரல் இடறியது. அப்பா அதைக் கண்டுகொள்ளவில்லை. கடைசி வரைக்கும் கேட்டார்.

"கையெழுத்து யாரு?"

அண்ணன் பேரைச் சொன்னான்.

"சீல் இருக்கா?"

"இருக்குப்பா."

அப்பா மகள் பக்கம் கண்ணைத் திருப்பினார். "அப்ப உக்காரு," என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

அவள் உட்கார்ந்தாள். யூனிபார்மைக்கூட மாற்றவில்லை. ஏழு ஐம்பத்தைந்துக்கு அவள் போனில் மணி ஒலித்தது. இருபத்தைந்தாம் நிமிஷம் முடிந்தால், இன்னும் ஐந்து நிமிஷம்தான் என்று எச்சரிக்க அவளே வைத்திருந்த மணி. ஒவ்வொரு வீட்டு நேரத்துக்கும் ஒன்றாக நாள் முழுக்க ஒலிக்கும். மணி கேட்டதும் எழுந்தாள். அப்பாவின் தலையணையைச் சரிசெய்தாள். தண்ணீர்க் கோப்பையைக் கை எட்டும் இடத்துக்கு நகர்த்தினாள். பையைத் தோளில் மாட்டினாள். வாசல்வரை போய்க் கதவுப் பிடியில் கை வைத்துவிட்டாள்.

"எங்க போற?" என்றான் அண்ணன்.

அவள் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தாள். "தெரியல," என்றாள்.

திரும்பி வந்து, போனை எடுத்து எல்லா மணியையும் ஒவ்வொன்றாக அணைத்தாள். ஒன்பது இருந்தன. பிறகு பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, ஷூவையும் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். அப்பா வீட்டுத் தரை இவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று அவளுக்கு ஞாபகமே இல்லை.

பிற்பகல்வரை வேறு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்தார்கள். முதல் தடவை அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "தோளைப் பிடி, கையைப் பிடிச்சு இழுக்காத. இடுப்புக்கு அடியில இந்தக் கையைக் குடு. இப்ப அப்பாகிட்ட சொல்லு, திருப்பப் போறோம்னு." "கேக்குமா?" "கேக்கும்." அண்ணன் சங்கடத்தோடு, "அப்பா, திருப்பப் போறோம்பா" என்றான். முடித்தபோது வேர்த்திருந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். "பன்னெண்டு நிமிஷம் ஆயிடுச்சு," என்றான். "எங்க அட்டவணையில இதுக்கு மூணு நிமிஷம் போட்டிருந்தோம்."

"தெரியும்," என்றாள் அவள். அதற்கு மேல் குத்திக்காட்ட அவளுக்கு மனசு வரவில்லை. காலையிலிருந்தே யார் மேலும் கோபம் வரமாட்டேன் என்றது.

அண்ணன் இரண்டு முறை டீ போடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். "சமையலறை பத்தடிதானே, போய்க் குடிச்சிட்டு வா. நான் இருக்கேன்ல."

"இல்லண்ணா. நான் நிறையப் பாத்திருக்கேன். விடிய விடிய கூட இருப்பாங்க, ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் போவாங்க, அந்த நிமிஷத்துல போயிடுவாங்க. நான் எழுந்துக்க மாட்டேன்."

அண்ணன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். அம்மாவைப் பற்றி அவர்கள் நாலு வருஷமாகப் பேசியதில்லை. அவன் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிர்ப்பக்கம் போட்டு உட்கார்ந்தான். "அம்மா அன்னிக்குத் தூக்கத்துலதான் போனா," என்றான். "யாரையும் தேடல. நானே பேப்பர் படிச்சிட்டு இருந்தேன். அஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் பாத்தேன். உன்கிட்ட சொல்லல."

அவள் அப்பாவின் கையைப் பிடித்தபடியே அதைக் கேட்டாள். அண்ணனும் அந்தக் காகிதத்தை இத்தனை வருஷம் சுமந்திருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. எட்டி அவன் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள்.

மூன்று மணிக்கு மேல் மூச்சு இடைவெளி விட ஆரம்பித்தது. ஒரு மூச்சு, அப்புறம் நீண்ட மௌனம், அப்புறம் இன்னொன்று. அண்ணன் ஒவ்வொரு மௌனத்திலும் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தான். அவள் எழவில்லை. "இங்கதான்பா இருக்கேன்," என்று மட்டும் அவ்வப்போது சொன்னாள். நாலு பத்துக்கு ஒரு மூச்சு வெளியே வந்தது. அடுத்தது வரவில்லை. வலி இல்லை, முகம் கோணவில்லை. கை அவள் கைக்குள் அப்படியே இருந்தது.

இரண்டு நிமிஷம் காத்திருந்தாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, பதினேழு வருஷப் பழக்கத்தில் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னாள்:

"மேடம், ஒரு இறப்புத் தகவல். நேரம் நாலு பத்து. படுக்கையில. மூச்சு அமைதியா நின்னுது. டாக்டருக்கு இனிமேதான் சொல்லணும். கூட இருந்தவர், மகன்."

மறுமுனையில் எழுதும் சத்தம் கேட்டது, நின்றது.

"எந்த வீடும்மா?"

அவள் வாயைத் திறந்தாள். என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. எதிரே அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க வீடு, மேடம்."

பிறகு சூப்பர்வைசர் அதே வேலைக் குரலில், ஆனால் மெதுவாகக் கேட்டாள். "கூட இருந்தவர் மகன் மட்டும்தானா?"

"இல்ல," என்றாள். "மகளும் இருந்தா."

"மகளும் இருந்தா," என்று திருப்பிச் சொன்னாள் சூப்பர்வைசர். "எழுதிக்கிட்டேன்."

போனை வைத்த பிறகுதான் அழுதாள். அழுது முடித்ததும் உடம்பு லேசாக இருந்தது. அப்பா செத்துக் கிடக்கிற வீட்டில் இப்படியா நிம்மதி வரும் என்று தன்னையே ஒரு அதட்டு அதட்டிப் பார்த்தாள். நிம்மதி அசையவில்லை. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

டாக்டர் வந்து காகிதம் எழுதிவிட்டுப் போனார். வண்டி ஆறு மணிக்கு வரும் என்றார்கள். அவள் வெந்நீர் வைத்து, இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, அப்பாவைக் குளிப்பாட்டத் தொடங்கினாள். "வலது கையைத் தூக்கறேங்கப்பா. கொஞ்சம் சூடா இருக்கும்," என்றாள். அப்புறம் நிறுத்தி, துண்டை மறுபடி நனைத்துப் பிழிந்தாள். "முதுகைக் காட்டுப்பா. இந்தக் காதுக்குப் பின்னால எப்பவும் சோப்பை விட்டுடுவ." விரல் நகத்தை வெட்டினாள். குழாய் வேலையில் இடது கட்டைவிரலில் விழுந்த பழைய தழும்பைத் தனியாகத் துடைத்தாள். தலையை வகிடெடுத்துச் சீவினாள். அண்ணன் சொல்லாமலே இடுப்புக்கு அடியில் கை கொடுத்தான். அவள் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

முடித்துப் போர்வையை இழுத்துவிட்டபோது சாயங்கால வெயில் கட்டில் கால்வரை வந்திருந்தது. அண்ணன் சமையலறைக்குப் போய் இரண்டு கோப்பை டீ கொண்டுவந்தான். இந்த முறை அவளைக் கேட்கவில்லை. அவள் அப்பாவின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள். இரண்டு வாய் குடித்தாள்.

"சர்க்கரை போட்டியா?"

"போட்டேனே," என்றான் அண்ணன்.

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அவள் இன்னொரு வாய் குடித்தாள். டீ பாதிக்குக் கீழே இறங்கியது. அவள் அதற்குக் கீழே போய்ப் பார்த்ததில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி, மெதுவாகக் குடித்தாள். கடைசி வாய்க்குக் கோப்பையை முழுதாகச் சாய்த்தபோது கரையாத சர்க்கரை திரண்டு நாக்கில் வந்து விழுந்தது.